ஆறு பேர், எட்டு லட்சம், மூன்று வரிசை: எந்த வண்டி வாங்கலாம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் வீடு. நீங்கள், கணவர், பதினொன்றும் ஆறும் வயதான இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று ஆறு பேர். மொத்தச் செலவு எட்டு லட்சத்துக்குள் முடிய வேண்டும். கையில் மூன்று லட்சம் இருக்கிறது; மாதத் தவணை 11,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் எழுநூறு கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். ஆண்டுக்கு ஒரு முறை கோவில்பட்டிப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டும். மாமனார் பழைய இன்னோவாதான் வேண்டும் என்கிறார். கணவரிடம் ஒரு தரகர் 2019 மாருதி எர்டிகா டீசலைக் காட்டி 7.75 லட்சம் சொல்லியிருக்கிறார். நீங்களோ தொல்லையே வேண்டாம், புது ரெனோ ட்ரைபர் எடுத்துவிடலாம் என்கிறீர்கள். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் புது வண்டி என்றால் தொல்லை இருக்காது என்ற காரணத்துக்காக நான் அதைச் சொல்லவில்லை. வங்கிக் கடனுக்காகப் பழைய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டுக் கொடுப்பது என் தொழில். புது வண்டியிலும் தொல்லை உண்டு, பழைய வண்டியிலும் தங்கம் போன்றவை உண்டு. உங்கள் கணக்குக்கும் உங்கள் வீட்டு ஆட்களுக்கும் எது ஒத்துவருகிறது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

மூன்று வரிசை வண்டி வாங்க வருகிறவர்கள் விலை, மைலேஜ், நிறம் எல்லாம் கேட்பார்கள். கடைசி வரிசையில் யார் உட்காரப்போகிறார்கள் என்பதை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். அதை முடிவு செய்துவிட்டால் பாதி வண்டிகள் தாமாகவே விலகிவிடும். உங்கள் வீட்டில் மாமனாரும் மாமியாரும் நடு வரிசையில்தான் உட்கார முடியும். மாமியாருக்கு மூட்டு வலி என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரிசைக்குப் போக நடு இருக்கையை மடித்துத் தள்ளி, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து உடம்பைத் திருப்ப வேண்டும். இது எர்டிகாவிலும் அப்படித்தான், இன்னோவாவிலும் அப்படித்தான். ஆக, கடைசி வரிசை பிள்ளைகளுக்கு. பெரியவனும் சின்னவளும் அங்கே உட்கார்ந்தால், அல்லது சின்னவளைத் தாத்தா பாட்டியோடு நடு வரிசையில் உட்காரவைத்து பெரியவன் மட்டும் பின்னால் போனால், ட்ரைபரின் சிறிய மூன்றாம் வரிசையே போதும். மாறாக, ஆறடி உயர மைத்துனர் வாராவாரம் பின்னால் உட்காருவார் என்றால் நான் சொல்லும் பதிலே வேறாக இருக்கும்.

அடுத்தது மூட்டை முடிச்சு. ஏழு இருக்கையும் போட்டால் ட்ரைபரின் டிக்கியில் மிஞ்சுவது 84 லிட்டர் இடம்தான். இரண்டு மூன்று பள்ளிக்கூடப் பைகளிலேயே நிறைந்துவிடும். எர்டிகாவில் அதே நிலையில் 209 லிட்டர். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் ட்ரைபர் வேண்டாம் என்று திரும்பிவிடுகிறார்கள். ஆனால் ட்ரைபரின் கடைசி வரிசை இரண்டு தனித்தனி இருக்கைகள். ஒவ்வொன்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். ஒன்றைக் கழற்றினால் ஆறு பேர் உட்காரலாம், 320 லிட்டர் இடமும் கிடைக்கும். இரண்டையும் கழற்றினால் 625 லிட்டர். உங்கள் வீட்டில் ஆறு பேர். உங்களுக்காகவே அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கிறது. கழற்றிய இருக்கையை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. கட்டிலுக்கு அடியில் போகுமா என்று அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பணம். புது வண்டியின் விலையில் இரண்டு கோடுகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஷோரூமுக்குப் போகக் கூடாது. முதல் கோடு நான்கு மீட்டர். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. ட்ரைபர் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், 999 சிசி. கோட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. எர்டிகா நான்கு மீட்டரைத் தாண்டிய நீளம், 1,462 சிசி, வெளியே. இரண்டும் ஏழு பேர் வண்டிதான், வரியில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இரண்டாவது கோடு பத்து லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை, அதாவது பதிவின்போது ஒரே முறை கட்டும் சாலை வரியை, திருத்தினார்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 விழுக்காடு. பத்தைத் தாண்டி இருபது வரை 18. அதாவது 9.9 லட்சம் வண்டிக்கு வரி 1.29 லட்சத்துக்குள் முடிகிறது, 10.1 லட்சம் வண்டிக்கு 1.82 லட்சம். விலையில் இருபதாயிரம் கூடினால் வரியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுகிறது. இது போதாதென்று பத்து லட்சத்தைத் தாண்டிய காருக்கு ஒரு விழுக்காடு வருமான வரிப் பிடித்தம் வேறு உண்டு. அது கணக்குத் தாக்கல் செய்யும்போது கழிந்துவிடும் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்து போகிறது. ஷோரூம் விலையைப் பார்த்து எட்டு லட்சத்துக்குள் இருக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஆயுள் வரி, மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டோடு சேர்ந்த முதல் காப்பீடு, பதிவுச் செலவு எல்லாம் சேர்ந்த ஆன் ரோடு விலையைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.டி. குறைந்த பிறகு ட்ரைபரின் அடிநிலை வண்டி ஷோரூம் விலையில் சுமார் 5.8 லட்சத்திலும், அடுத்த நிலை சுமார் 6.6 லட்சத்திலும் வந்து நின்றது. 6.6 லட்சத்துக்கு ஆயுள் வரி 86,000 ரூபாயை ஒட்டி வரும். காப்பீடும் மற்றதும் சேர்த்தால் எட்டு லட்சத்துக்குச் சற்று உள்ளே நிற்கும். புது எர்டிகா ஷோரூம் விலையே 8.8 லட்சத்தில் தொடங்கியது. ரோட்டுக்கு வரும்போது பத்தைத் தாண்டிவிடும். அது உங்கள் பட்டியலில் இல்லை. விலைகள் அவ்வப்போது மாறும் என்பதால் இன்றைய விலையைக் கேட்டு இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

பழைய வண்டி மலிவு என்ற நினைப்பு எங்கே அடிபடுகிறது என்றால், வட்டியில். ஐந்து லட்சம் கடன், ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். புது வண்டிக்கு 9 விழுக்காட்டில் தவணை மாதம் 10,380 ரூபாய். பழைய வண்டிக்கு 14 விழுக்காடு என்றால் 11,630. மாதம் 1,250 ரூபாய்தானே என்று தோன்றும். ஐந்து ஆண்டில் 75,000. உங்கள் 11,000 ரூபாய் வரம்பும் உடைகிறது. அதோடு வங்கி கொடுப்பது தரகர் சொன்ன விலைக்கு அல்ல, என்னைப் போன்றவர்கள் போடும் மதிப்புக்கு. தரகர் 7.75 லட்சம் சொல்லி, மதிப்பு 6.75 லட்சம் என்று வந்தால் இடைப்பட்ட ஒரு லட்சத்தை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். பழைய வண்டி எடுத்த கையோடு நான்கு டயர், ஒரு பேட்டரி, ஒரு முழு சர்வீஸ் என்று நாற்பது, ஐம்பதாயிரம் போவது சாதாரணம். அதற்கும் யாரும் கடன் தரமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு: 2025 செப்டம்பருக்கு முந்தைய புது வண்டி விலையை மனத்தில் வைத்துக்கொண்டே பழைய வண்டிக்கு விலை சொல்லும் தரகர்கள் இன்னும் இருக்கிறார்கள். புது வண்டியின் விலை இறங்கிய பிறகு பழையதின் விலையும் இறங்க வேண்டும் என்பதை அவர்களுக்கு நினைவூட்டத் தயங்காதீர்கள்.

சரி, அந்த எர்டிகா டீசலுக்கு வருவோம். இது கெட்ட வண்டி அல்ல. நெடுஞ்சாலையில் சுகமாகப் போகும், மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார். ஆனால் மாதம் எழுநூறு கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு டீசல் எதற்கு? டீசலுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையைத் திரும்பப் பெற அதைப்போல இரண்டு மூன்று மடங்காவது ஓட வேண்டும். இன்ஜெக்டர் ஒன்று கெட்டால் ஆகும் செலவில் உங்கள் பல மாத எரிபொருள் மிச்சம் கரைந்துவிடும். 2019-இல் எர்டிகாவில் இரண்டு டீசல் எஞ்சின்கள் வந்தன: முதலில் 1.3 லிட்டர், பிறகு 1.5 லிட்டர். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. தரகர் காட்டிய வண்டியில் எது இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் அந்த வண்டியைப் பற்றி அவருக்கு வேறு எதுவும் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய சந்தேகம் எனக்கு வேறு. அந்தக் காலத்து டீசல் எர்டிகாக்களில் பல டி போர்டில், அதாவது வாடகை வண்டியாகப் பதிவாகி ஓடியவை. விமான நிலையம், ஐ.டி. நிறுவனப் பணியாளர் போக்குவரத்து என்று இரவும் பகலும் ஓடிவிட்டு, பிறகு ஓன் போர்டாக, அதாவது சொந்த உபயோக வண்டியாக மாற்றி விற்கிறார்கள். மீட்டர் 62,000 காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மீட்டரைக் குறைப்பது பெரிய வித்தையே இல்லை. ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். கிளட்ச் பெடலின் ரப்பரில் கோடுகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால், அல்லது அந்த ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், அது 62,000 வண்டி அல்ல. ஸ்டீயரிங்கின் மேற்பகுதி பளபளக்கிறதா, ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க விளிம்பு அமுங்கிப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவன சர்வீஸ் மையத்தில் வரலாறு கேட்டால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது என்பது தெரியும். அதற்குத் தரகர் முகம் சுளித்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மடிப்பாக்கத்துக்காரர் உங்களுக்கு வெள்ளத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னமும் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வெளியே பாலிஷ் போட்டு மினுமினுக்க வைத்திருப்பார்கள். நான் முதலில் தொடுவது சீட் பெல்ட்டை. அதைக் கடைசி வரை, இனி வராது என்கிற அளவுக்கு இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருளுக்குள் இருக்கும் பகுதியில் குறுக்கே ஒரு மங்கலான பழுப்புக் கோடு தெரிந்தால், தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. பிறகு முன் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, இருக்கை முன்பின் நகரும் தண்டவாளத்தைத் தடவுங்கள். துருவோடு மாவுபோல நைசான வண்டல் விரலில் ஒட்டும். அதை யாராலும் முழுதாகத் துடைத்தெடுக்க முடியாது. ஸ்டெப்னி இருக்கும் குழியையும் பார்த்துவிடுங்கள். ஏர் ஃப்ரெஷ்னர் வாசனை மூக்கைத் துளைக்கிறது என்றால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

மாமனாரின் இன்னோவா ஆசையை நான் மதிக்கிறேன். மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் உட்காரக்கூடிய வண்டி என்றால் இந்த ஊரில் எல்லோரும் கைகாட்டுவது அதைத்தான். ஆனால் எட்டு லட்சத்துக்குள் கிடைக்கும் இன்னோவா, 2016-இல் அடுத்த தலைமுறையான இன்னோவா கிரிஸ்டா வருவதற்கு முந்தைய வண்டியாகத்தான் இருக்கும். பெரும்பாலும் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருக்கும். பதினைந்து ஆண்டு நெருங்கினால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம். தில்லிப் பதிவு இன்னோவா மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், அங்கே பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் மீது கட்டுப்பாடுகள் வந்ததால்தான் மலிவு என்று புரிந்துகொள்ளுங்கள். அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, பதிவு மாற்றி முடிப்பதற்குள் அந்த மலிவு போய்விடும். கோவில்பட்டிப் பயணத்துக்கு மட்டும் இன்னோவா வேண்டும் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுங்கள். மாமனாரும் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவார்.

மற்ற வண்டிகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஈகோ வியாபாரத்துக்கும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கும் உகந்தது; மூத்தவர்களோடு ஐந்நூறு கிலோமீட்டர் போக அல்ல. பொலிரோவும் பொலிரோ நியோவும் மண் சாலைக்கு நல்லவை, ஆனால் கடைசி வரிசை பக்கவாட்டில் பார்த்த மடக்கு இருக்கைகள். பிள்ளைகளை அங்கே உட்கார வைக்க எனக்கு மனம் ஒப்பாது. பொலிரோ நியோ 2024-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. செவர்லே என்ஜாய் மிக மலிவாகக் கிடைக்கும். அந்த நிறுவனம் 2017-இலேயே இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது, உதிரிபாகத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். கியா காரன்ஸ் நல்ல வண்டி, உங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது.

ட்ரைபரைப் புகழ்ந்துகொண்டே போனால் நான் யாருக்கோ விற்றுக்கொடுக்கிறேன் என்று நினைப்பீர்கள். அதன் குறையையும் சொல்கிறேன். எஞ்சின் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், 72 குதிரைத்திறன். நகரத்துக்குள் இரண்டு மூன்று பேரோடு போகும்போது குறை தெரியாது. ஆறு பேர், மூட்டை, ஏசி எல்லாம் சேர்ந்து திண்டிவனம் தாண்டி ஒரு லாரியை முந்த வேண்டும் என்றால் முன்கூட்டியே கியரைக் குறைத்து, எதிரே நீண்ட தூரம் பார்த்து, பொறுமையாகத்தான் முந்த வேண்டும். உங்கள் கணவர் பொறுமைசாலியா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிடும், ஆனால் முனகிக்கொண்டு ஏறும். கிளட்ச் மிதிக்காமல் தானாக மாறும் ஏ.எம்.டி. கியர் வேண்டாம் என்பது என் கருத்து. கத்திப்பாரா ஏற்றத்தில் ஊர்ந்துபோகும் நெரிசலில் அது தயங்கித் தயங்கி நகரும், விலையும் கூடும். 2021-இல் குளோபல் என்கேப் சோதனையில் இந்த வண்டி பெரியவர்கள் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் பெற்றது உண்மை. விற்பனையாளர் அதைக் கட்டாயம் சொல்வார். 2022-இல் சோதனை விதிகள் கடுமையாயின என்பதை அவர் சொல்லமாட்டார். 2025-இல் வந்த திருத்திய வண்டியில் எல்லா நிலைக்கும் ஆறு காற்றுப்பைகள் உண்டு. அதனால் பழைய ட்ரைபரைவிடப் புதியதையே எடுக்கச் சொல்கிறேன். ஒரகடத்தில் தயாராகிற வண்டி என்பதால் சென்னையில் உதிரிபாகம் உடனே கிடைத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். தொழிற்சாலை பக்கத்தில் இருப்பது வேறு, சர்வீஸ் மையத்தில் பொருள் இருப்பு வைத்திருப்பது வேறு. மடிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எந்த மையம் என்று பார்த்து, அங்கே வண்டி விட்டவர்கள் நான்கு பேரிடம் விசாரியுங்கள்.

சி.என்.ஜி., அதாவது இயற்கை எரிவாயு கிட் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர், பெட்ரோலில் நகரத்துக்குள் லிட்டருக்கு 13 என்றால் சுமார் 61,000 ரூபாய். சி.என்.ஜி. கிலோவுக்கு 20 கொடுத்தால், கிலோ 90 ரூபாய் வாக்கில் 36,000. ஆண்டுக்கு 25,000 மிச்சம். கிட் செலவு 80,000 வாக்கில் ஆகும் என்பதால் திரும்பி வர மூன்று ஆண்டுக்கு மேல் பிடிக்கும். நான் வேண்டாம் என்பது அதனால் அல்ல. சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். அந்த 320 லிட்டருக்காகத்தானே இந்த வண்டியையே தேர்ந்தெடுத்தோம்?

ஷோரூமுக்கு எல்லோரையும் அழைத்துக்கொண்டு போங்கள், மாமியாரையும்தான். காலையில் வேண்டாம், பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் போங்கள். ஆறு பேரும் ஏறி உட்கார்ந்து வேளச்சேரி வரையாவது ஓட்டிப் பாருங்கள். கடைசி வரிசையில் நீங்களே பத்து நிமிடம் உட்காருங்கள். நீங்கள் எடுக்கப்போகும் நிலையில் அங்கே ஏசி காற்று வருகிறதா என்பது அப்போது தெரியும். சில வசதிகள் மேல்நிலை வண்டியில் மட்டும் இருக்கும், காட்சிக்கு நிறுத்தியிருப்பதும் எப்போதும் அந்த மேல்நிலை வண்டியாகவே இருக்கும்.

காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில ஆயிரம் ரூபாய்தான். சாதாரண முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை நீங்கள் ஸ்டார்ட் செய்து அது உடைந்தால், அது உங்கள் செயலால் வந்த சேதம் என்று தட்டிக் கழிப்பார்கள். தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போடாமல் இழுத்துச் செல்லச் சொல்வதே வழி. அதற்கு முன்பே, மழை எச்சரிக்கை வந்ததும் உங்கள் பகுதிக்காரர்கள் செய்வதுபோல வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள். காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டு அந்தத் தாளைக் காட்டினால் ஷோரூமிலும் குறைப்பார்கள்.

டிசம்பரில் தள்ளுபடி அதிகம் கிடைக்கும். அந்த ஆண்டுத் தயாரிப்பை விற்றுத் தீர்க்கத்தான் அது. ஐந்தாறு ஆண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளப்போகிறீர்கள் என்பதால் நீங்கள் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முழுப் பணம் கட்டுவதற்கு முன் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேசிஸ் எண்ணைக் கேட்டு, எந்த மாதம் தயாரானது என்று தெரிந்துகொண்டு, வண்டியை நேரில் பார்த்துவிடுங்கள். எட்டு மாதம் வெயிலில் நின்ற வண்டிக்குப் புது பேட்டரி போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.